எரியாத ஆயிலுக்கு ஏன் வயதாகிறது?

காரைக்குடிப் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் யமஹா ஆர்.எக்ஸ் 100 வண்டிகளில் இரண்டு வகை ஆயில் உண்டு. ஒன்று பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போய், பிஸ்டனையும் கிராங்க்கையும் நனைத்து, எரிந்து, சைலன்சர் வழியாகப் புகையாக வெளியேறிவிடும். அதைத் தீரத் தீர ஊற்றுகிறோம். மறந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும் என்ற பயம் இருப்பதால் யாரும் மறப்பதில்லை. இன்னொன்று கியர் பாக்ஸுக்குள் கிடக்கிறது. அது எரிவதில்லை, எங்கும் போவதுமில்லை. மூடிய அலுமினியப் பெட்டிக்குள் சுமார் 650 மில்லி. போன வருடம் ஊற்றிய அளவு இந்த வருடமும் அப்படியே இருக்கும். அதனால்தான் மெக்கானிக் "கியர் ஆயில் மாத்தி ரொம்ப நாளாச்சுண்ணே" என்று சொன்னால், வண்டிக்காரர் மனசுக்குள் நியாயமான ஒரு சந்தேகம் எழும்: குறையாத பொருளை எதற்கு மாற்ற வேண்டும்?

அளவு குறையாவிட்டாலும், உள்ளே இருக்கும் மூலக்கூறுகளைக் கியர் பற்கள் அறுத்துவிடுகின்றன. கூடச் சேர்த்த மருந்துகள் தீர்ந்துபோகின்றன. உலோகத் தூளும் கிளட்ச் பிளேட்டின் தூளும் சேர்கின்றன. இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால், மாற்றும் வேலையில் எதில் கவனம் வேண்டும், எதில் வேண்டாம் என்பது தானாகவே தெளிந்துவிடும். வேலை என்னவோ அரை மணி நேரம்தான்.

முதலில் உங்கள் வண்டியில் கியருக்குத் தனி ஆயிலா, கூட்டு ஆயிலா என்று பாருங்கள். ஸ்பிளெண்டர், பல்சர், அப்பாச்சி போன்ற நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் இஞ்சின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில். இஞ்சின் ஆயில் என்ற பேரில் நாம் மாற்றுவது கியர் ஆயிலையும் சேர்த்துத்தான். ஆர்.எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் கிளட்சும் கியரும் ஒரே ஆயிலில் கிடக்கும், இஞ்சின் தனி. வார்ப்பிரும்பு இஞ்சின் கொண்ட பழைய புல்லட்டில் இஞ்சினுக்கு ஒன்று, கிளட்ச் இருக்கும் பிரைமரி பக்கத்துக்கு ஒன்று, கியர் பாக்ஸுக்கு ஒன்று என்று மூன்று இடம். ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்களில் பின்சக்கரத்தை ஒட்டிய சின்னப் பெட்டிக்குள் 120 மில்லி அளவில் ஒரு கியர் ஆயில் இருக்கிறது. அது இருப்பதே பலருக்குத் தெரியாது.

இந்தக் கட்டுரைக்கு நான் ஆர்.எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொள்கிறேன். தீயும் கரியும் கலக்காத தனி ஆயில் என்பதால், ஆயிலைக் கியர் என்ன செய்கிறது என்பது அதில்தான் கலப்பில்லாமல் தெரியும்.

பற்களுக்கு நடுவே

கியர் பாக்ஸுக்குள் இரண்டு தண்டுகள் இணையாகக் கிடக்கின்றன. நான்கு கியருக்கு நான்கு ஜோடிப் பல்சக்கரங்கள். கியர் போடும்போதுதான் பல்லோடு பல் கோக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். நான்கு ஜோடியும் எந்நேரமும் கோத்தபடியேதான் சுற்றுகின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தன் தண்டோடு சேர்ந்து சுற்றும், மற்றது தன் தண்டின் மேல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். காலால் லீவரைத் தட்டினால் உள்ளே ஒரு உருளை திரும்புகிறது. அது ஒரு கவையை நகர்த்த, கவை ஒரு சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ள, அதன் பக்கத்தில் துருத்தியிருக்கும் முட்டுகள் அடுத்த சக்கரத்தின் பள்ளங்களில் போய் விழுகின்றன. சும்மா சுழன்ற சக்கரம் இப்போது தண்டோடு பூட்டிக்கொண்டது. நமக்குக் கேட்கும் "டக்" இதுதான்.

ஆகவே கியர் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பற்கள் ஓயாமல் ஆயிலைப் பிசைந்துகொண்டே இருக்கின்றன. ஆர்.எக்ஸ் 100 தன் முழுச் சக்தியைத் தருவது நிமிடத்துக்கு 7,500 சுற்றில். அந்த விசையை ஒரு பல் இன்னொரு பல்லுக்குக் கடத்தும் இடம், பல்லின் அகலத்துக்கு நீண்ட மிக மெல்லிய ஒரு பட்டைதான். எஃகு துளி நசுங்குவதால் உண்டாகும் பட்டை அது. முழு விசையும் அதற்குள் அடங்குவதால் அழுத்தம் 1 கிகாபாஸ்கலை எட்டக்கூடும். வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. உலகின் ஆழமான மரியானா அகழியின் அடித்தரையிலேயே சுமார் ஆயிரத்து நூறு மடங்குதான்.

இந்த அழுத்தத்தில் ஒரு திரவம் பிதுங்கி ஓடிவிடாமல் எப்படி நிற்கிறது? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1883-ல் இங்கிலாந்தில் பியூச்சாம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் அச்சைத் தாங்கும் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காகப் பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். ஆயில் உள்ளே போகவில்லை, அந்தத் துளை வழியாக மேலே பொங்கி வந்தது. மரக்கட்டையால் அடைத்தார், கட்டையையும் தள்ளிக்கொண்டு வந்தது. சுழலும் அச்சு ஆயிலைத் தானே இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போய், சுமையைத் தாங்கும் அளவுக்கு அழுத்தத்தையும் உண்டாக்குகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். பேரிங்குகளுக்கு அது அருமையாகப் பொருந்தியது.

கியர் பல்லுக்குத்தான் பொருந்தவில்லை. 1916-ல் மார்ட்டின் என்பவர் ரெனால்ட்ஸின் சமன்பாட்டைப் பல்சக்கரத்துக்குப் போட்டுப் பார்த்தபோது, பற்களுக்கு இடையே ஆயில் படலம் பல்லின் சொரசொரப்பைவிட மெல்லியதாக வந்தது. கணக்குப்படி பார்த்தால் பல்லோடு பல் உராய்ந்து சீக்கிரமே தேய்ந்திருக்க வேண்டும். ஆனால் ஊரெல்லாம் கியர்கள் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. கணக்கில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயிருந்தன. ஒன்று, எஃகு வளையும்: பல்லின் முகம் துளி தட்டையாகி ஆயிலுக்கு இடம் கொடுக்கிறது. இரண்டு, அழுத்த அழுத்த ஆயில் இறுகும். கார்ல் பேரஸ் 1893-லேயே திரவங்களின் பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் கெட்டித்தன்மை, அழுத்தத்தோடு மடங்கு மடங்காக ஏறுவதை அளந்து வைத்திருந்தார். கியர் பல்லின் அழுத்தத்தில் ஆயிலின் பாகுநிலை பல ஆயிரம் மடங்கு கூடி, கிட்டத்தட்டத் திடப்பொருளைப்போல நடந்துகொள்கிறது. ஆயிரத்தில் ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்துக்கு அது இறுகுகிறது, பல் விலகியதும் மறுபடி திரவமாகிவிடுகிறது. ஓடிப்போக அதற்கு நேரமே இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்ட முறை 1940-களில்தான் உருவானது.

அப்படி நிற்கும் படலத்தின் தடிமன் எவ்வளவு? பெரும்பாலும் 1 மைக்ரானுக்குள். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். அதிலும் கால்வாசி, அரைவாசி. கியர் பாக்ஸின் ஆயுள் இந்தக் கால் மைக்ரானை நம்பி இருக்கிறது. இனி நான் சொல்லப்போகும் எல்லா யோசனையும், தூசியைத் துடைப்பது உட்பட, இந்த ஒரு எண்ணிலிருந்து வருவதுதான்.

அறுந்துபோகும் சங்கிலிகள்

சித்திரை வெயிலில் காரைக்குடிக் காற்றே 40 டிகிரியைத் தொடும். ஆயிலின் பாகுநிலையை ஆய்வகங்களில் அளப்பது இரண்டு வெப்பநிலைகளில்: 40 டிகிரி, 100 டிகிரி. முதலாவது நம்மூர் மதிய நிழல். இரண்டாவது, ஓடிச் சூடேறிய இஞ்சினை ஒட்டியது. சாதாரண 20டபிள்யூ-40 ஆயில் இந்த இரண்டுக்கும் நடுவே சுமார் எட்டில் ஒரு பங்காக இளகிவிடும். இந்த இளக்கத்தை மட்டுப்படுத்தத்தான் ஆயிலில் நீளமான பாலிமர் சங்கிலிகளைக் கலக்கிறார்கள். குளிர்ந்திருக்கும்போது அவை சுருண்டு கிடக்கும், பாகுநிலையை அதிகம் கூட்டாது. சூடேறும்போது விரிந்து பரவி, இளகும் ஆயிலுக்குக் கொஞ்சம் கெட்டித்தன்மை தரும்.

இந்தச் சங்கிலிகளுக்குக் கியர் பல்தான் எமன். படலத்துக்குள் ஒரு முகம் ஒரு வேகத்திலும் எதிர் முகம் வேறு வேகத்திலும் நகர, நடுவில் மாட்டிய சங்கிலி இழுபட்டு அறுகிறது. இழுவிசை நடுவில்தான் அதிகம் என்பதால் பெரும்பாலும் பாதியில் அறும். அறுந்தது மறுபடி ஒட்டாது. பாதி நீளச் சங்கிலியால் பாதி வேலைகூடச் செய்ய முடியாது. 40 என்று பேர் எழுதி வாங்கிய ஆயில் போகப்போக 30-ஆக இறங்குவது இப்படித்தான். காரில் கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில், இஞ்சின் ஆயிலுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. பைக்கில் கிட்டத்தட்ட எல்லா ஆயிலும் பல்லுக்கு இடையே போய் வருகிறது. காருக்கு இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாங்குகிறதே என்று பைக்குக்கும் அதே கணக்குப் போடுவது தப்பு.

கால் மைக்ரான் படலம் எல்லா நேரமும் நிற்பதுமில்லை. முதல் கியரில் பாரம் ஏற்றிக்கொண்டு மெதுவாக நகரும்போது பல்லின் வேகம் போதாது. ஆயில் இடுக்குக்குள் இழுபடாமல் மேடும் மேடும் உரசும். அந்த நேரத்துக்காகத்தான் ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் சேர்ந்த ஒரு மருந்து இருக்கிறது. உரசும் இடத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் அது சிதைந்து, எஃகின் மேல் பாஸ்பேட் கண்ணாடி போன்ற ஒரு பூச்சை உண்டாக்குகிறது. தேய்வது பூச்சு, எஃகு தப்பிக்கிறது. மறுபடி பூச்சு உண்டாக மருந்து செலவாகிறது. 1940-களில் இதை முதலில் சேர்த்தது ஆயில் கெடாமலும் பேரிங் அரிக்காமலும் இருக்கத்தான். தேய்மானத்தைத் தடுக்கும் குணம் பிறகு தெரியவந்த போனஸ். செலவாகித் தீர்ந்த பிறகு ஆயில் பார்வைக்கு அப்படியே இருக்கும், தொட்டாலும் வழவழக்கும். உள்ளே காவல் இருக்காது.

எந்த ஆயில்?

டப்பாவின் மேல் இருக்கும் எண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டறைகளில் அதிகம் குழம்புவது இங்கேதான்.

20டபிள்யூ-40 என்பதில் முதல் பாதி குளிர் நாட்டுக்கானது. 20டபிள்யூ தரத்துக்குக் குளிர்ச் சோதனை நடப்பது மைனஸ் 15 டிகிரியில். செட்டிநாட்டில் மார்கழி விடியலில்கூட அதற்கு வேலையில்லை. நமக்கு முக்கியம் பின்னால் வரும் 40. 100 டிகிரியில் பாகுநிலை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (பாகுநிலையின் அலகு) இருந்தால் அது 40. 30 என்றால் 9.3 முதல் 12.5. கையேடு 40 கேட்டால் 40, 30 கேட்டால் 30.

"தம்பி, தொண்ணூறு ஆயிலை ஊத்திடாத, கெட்டியா இருக்கும், கிளட்ச் பிடிக்காது" என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். ஊற்றாதே என்பது சரி, காரணம்தான் வேறு. கார் டிஃபரன்ஷியலுக்கு (சக்கர அச்சில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) விற்கும் கியர் ஆயிலின் 90, இஞ்சின் ஆயிலின் 40-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று தோன்றும். இரண்டும் வேறு வேறு அளவுகோல். 90 என்பது 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ், அதாவது இஞ்சின் ஆயிலின் 40-க்கும் 50-க்கும் பக்கத்திலேயேதான். சிக்கல் கெட்டியில் இல்லை, அதில் கலந்திருக்கும் கந்தக-பாஸ்பரஸ் மருந்தில். டிஃபரன்ஷியல் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று பயங்கரமாக வழுக்கும் வடிவம் கொண்டவை என்பதால் அங்கே அந்த மருந்து தேவை. பைக்கின் நேர்ப் பற்களுக்கு அது அதிகப்படி. போதாததற்கு, அந்தக் கந்தகம் சூட்டில் தாமிரம் கலந்த உலோகங்களைக் கடிக்கும். கியர் பாக்ஸுக்குள் வெண்கலப் புஷ்கள் இருந்தால் அவை கறுத்து அரிபடும். ஆயில் இப்படி அரிக்குமா என்பதைப் பளபளவென்று தேய்த்த தாமிரப் பட்டையைச் சூடான ஆயிலில் ஊறவைத்து, நிறம் எவ்வளவு கறுக்கிறது என்று அட்டையோடு ஒப்பிட்டுத்தான் சோதிக்கிறார்கள். எளிமையான சோதனை. காரைக்குடிக்காரர்களுக்கு அரிமானம் புதிய விஷயமில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், உலோகம் எப்படி அரிபடுகிறது என்பதே பெரிய ஆராய்ச்சித் துறை.

பழைய புல்லட்டின் கியர் பாக்ஸில் 90 ஊற்றுகிறார்களே என்று கேட்கலாம். அதில் கிளட்ச் தனி அறையில் இருக்கிறது. ஆர்.எக்ஸ்ஸிலும் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளிலும் கிளட்ச் பிளேட்டுகள் கியரின் ஆயிலிலேயே நனைந்து கிடக்கின்றன. ஒரே ஆயில் பல்லுக்கு வழுக்க வேண்டும், கிளட்சுக்குப் பிடிக்க வேண்டும். இந்த முரண்பாட்டுக்காகவே ஜப்பானில் ஜாசோ என்ற அமைப்பு 1998-ல் ஒரு தரத்தைக் கொண்டுவந்தது. டப்பாவில் ஜாசோ எம்.ஏ அல்லது எம்.ஏ.2 என்று இருந்தால் ஈரக் கிளட்சுக்கு ஏற்றது. எம்.பி என்றால் வழுக்கல் கூடியது, கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கானது. எரிபொருளைச் சேமிக்கும் என்று விளம்பரப்படுத்தும் கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் இருக்கும். அவை பிளேட்டின் மேல் படிந்தால், மூன்றாவது கியரில் முறுக்கும்போது இஞ்சின் அலறும், வண்டி நகராது. விலை உயர்ந்த ஆயில் என்பதால் நல்லது என்று நினைத்து ஊற்றுவதில் இருக்கும் வம்பு இது. என்னைக் கேட்டால், ஆர்.எக்ஸ்ஸுக்கு ஜாசோ எம்.ஏ முத்திரை உள்ள சாதாரண 20டபிள்யூ-40 போதும். முழு சிந்தெடிக் வாங்கும் காசுக்குச் சாதாரண ஆயிலை இரண்டு தடவை மாற்றலாம். உலோகத் தூளை வெளியேற்ற மாற்றுவதைவிட வேறு வழி கிடையாது.

கைவேலை

வண்டியைக் கோவிலூர் வரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள். இளகிய ஆயில் அடியில் படிந்த தூளையும் இழுத்துக்கொண்டு இறங்கும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், இஞ்சின் அடிப்பக்கத்தைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் ஒரு மூலையில் பழைய ஆயில் தங்கிவிடும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முகப்பிலோ வளவிலோ வேண்டாம். அங்கே தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சிமென்டும் மணலும் கலந்து வார்த்தது, துளைகள் உள்ளது. ஆயில் இறங்கினால் கறை போகாது. வீட்டு ஆச்சி பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் வண்டியே நிறுத்த முடியாது. பின்கட்டில், அட்டை விரித்து, அகலமான ஒரு பேசினை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஆயில் ஊற்றும் மூடியைச் சுற்றித் துடையுங்கள். செம்மண் சாலையில் ஓடும் வண்டியில் அங்கே சிவப்பாகப் படிந்திருப்பதில் குவார்ட்ஸ் துகள் இருக்கும். அதில் ஒரு மணி 10 மைக்ரான் என்றாலே பற்களுக்கு இடையே இருக்கும் படலத்தைப்போலப் பல மடங்கு தடிமன். பேரிங்குக்குள் போனால் கோடு போட்டுவிடும். துடைத்த பிறகு அந்த மூடியைத் திறங்கள். அடிப் போல்ட்டுக்கு முன்னால் மேல் மூடி. மேலே மூடி இறுகிப்போய்த் திறக்க முடியாவிட்டால், காலியான கியர் பாக்ஸோடு வண்டி வீட்டில் நின்றுவிடும். மேலே காற்று போனால் கீழே ஆயிலும் தடங்கலில்லாமல் இறங்கும்.

இப்போது அடியில் இருக்கும் டிரெயின் போல்ட். எது டிரெயின் போல்ட் என்பதைக் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சில வண்டிகளின் அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட போல்ட் இருக்கும், தப்பானதைக் கழற்றினால் உள்ளிருந்து ஸ்பிரிங் குதித்து விழும். திருப்பும் திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. போல்ட்டின் தலை தரையைப் பார்த்திருக்கிறது, நாம் மேலிருந்து குனிந்து பார்க்கிறோம். மேலிருந்து பார்ப்பவருக்குக் கழற்றும் திசை கடிகார முள் சுற்றும் திசையாகத் தெரியும். இதைக் கவனிக்காமல், கழற்றுவதாக நினைத்து முழுப் பலத்தோடு இறுக்கி மரையைப் பிய்த்தவர்கள் நிறையப் பேர். போல்ட் எஃகு, பெட்டி அலுமினியம். பிய்வது எப்போதும் அலுமினியம்தான், அதற்குப் பிறகு லேத் பட்டறையில் புது மரை போட வேண்டியதுதான். ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம், தலையை முழுக்கப் பிடிக்கும் ரிங் ஸ்பேனரோ சாக்கெட்டோ எடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குறிப்பாக நான்கு ஸ்ட்ரோக் ஆயிலில், எரிதலில் உண்டாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்திருக்கும். அவற்றில் பல புற்றுநோய் உண்டாக்குபவை, தோல் வழியாகவும் உள்ளே போகக்கூடியவை.

ஆயில் வடியும் பத்து நிமிடத்தை வீணாக்க வேண்டாம், அதைப் படிக்கலாம். நான்கு ஸ்ட்ரோக் ஆயில் கறுப்பாக வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கரியைப் படியவிடாமல் தாங்கிப் பிடிக்கும் வேலையை அது செய்திருக்கிறது. ஆர்.எக்ஸ் ஆயிலில் கரி வர வழியில்லை. அதில் சாம்பல் நிறம் வந்தால் அது கிளட்ச் பிளேட்டும் உலோகமும் தேய்ந்த தூள். பேசினைச் சாய்த்து வெயிலில் பார்த்தால் வெள்ளி மினுமினுப்பாக நகர்வது நுண்தூள், ஓரளவுக்கு அது எல்லா வண்டியிலும் இருக்கும். நகக்கண் அளவு செதில் கிடைத்தால் பல்லின் முகம் உரிகிறது என்று பொருள். ஒரு காந்தத்தை உள்ளே விட்டு எடுங்கள். எஃகு ஒட்டும். ஒட்டாமல் மஞ்சளாக மின்னினால் வெண்கலப் புஷ். வெளுத்துக் குழம்பியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும், வாட்டர் வாஷில் அழுத்தமாகப் பீய்ச்சி அடிக்கும்போதும் காற்றுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் நுழையும். தண்ணீருக்கு அழுத்தத்தில் இறுகும் குணம் இல்லை என்பதால், பற்களுக்கு இடையே அது நுழைந்த இடத்தில் படலம் நிற்காது.

இரண்டு ஸ்ட்ரோக்குக்கே உரிய இன்னொரு தடயம் உண்டு. வடிந்த ஆயில் ஊற்றியதைவிடக் குறைவு, வெளியே எங்கும் ஒழுகலும் இல்லை, வெள்ளைப் புகை மட்டும் அடங்காமல் வருகிறது என்றால், கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் போய்விட்டது. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் அறையில் உண்டாகும் உறிஞ்சல் கியர் ஆயிலை இழுத்து எரித்துக்கொண்டிருக்கிறது. புது ஆயில் ஊற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

வடிந்து முடிந்ததும் போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு மாட்டுங்கள். தாமிர வாஷர் நசுங்கித்தான் இடைவெளியை அடைக்கிறது. ஒரு முறை நசுங்கிய தாமிரம் இறுகிவிடும், அடுத்த முறை நசுங்காது. செந்நிறம் வரக் காய்ச்சி ஆறவைத்தால் மறுபடி இளகும் என்பது உண்மைதான், ஆனால் சில ரூபாய்க்குப் புதிது கிடைக்கும்போது அடுப்பை மூட்டுவானேன். போல்ட்டை முதலில் விரலாலேயே கடைசி வரை ஏற்றுங்கள், நடுவில் சிக்கினால் மரை கோணலாக ஏறுகிறது. பிறகு ஸ்பேனர். இந்த அளவு போல்ட்டுகளுக்குக் கையேடுகள் பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டரை ஒட்டிய எண்ணைத் தரும். 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் பத்து கிலோ எடைக்குச் சமமான இழுப்பு, அவ்வளவே. காலால் மிதித்து இறுக்கும் வேலை இது இல்லை.

புது ஆயிலை அளந்து ஊற்றுங்கள். டப்பா ஒரு லிட்டர் என்பதற்காக முழுவதையும் கவிழ்த்தால், பல்சக்கரங்கள் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும். நுரையில் இருக்கும் காற்று அழுத்தத்தைத் தாங்காது. கிளட்ச் பிளேட்டுகள் விலகாமல் இழுக்கும், நியூட்ரல் விழாமல் அடம்பிடிக்கும். அளவுக்கோல் உள்ள வண்டிகளில், ஊற்றிவிட்டு இரண்டு நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு, நிறுத்திச் சற்றுப் பொறுத்து, வண்டியை நேராக நிறுத்திப் பாருங்கள். அளவுக்கோலைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும்.

பேசினில் இருக்கும் பழைய ஆயில்

சென்ட்ரிங் பலகைக்குப் பூச, மரத்தில் கரையான் வராமல் தடவ, செயினுக்கு விட என்று கழிவு ஆயிலுக்கு நம்மூரில் ஆயிரம் உபயோகம் சொல்வார்கள். செயினுக்கு விடுவது, தேய்த்த தூளையே மறுபடி தேய்க்கக் கொடுப்பது. பர்மா தேக்குக் கதவில் இதைத் தடவுபவரை என்ன சொல்ல.

வாசல் சாக்கடையில் ஊற்றுவதுதான் பெரிய கேடு. செட்டிநாட்டு ஊர்களில் வற்றாத ஆறு கிடையாது. கூரைத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் ஊருணிக்குப் போகும்படிதான் பழைய தெருக்களை அமைத்தார்கள். தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் தெரியும் ஆயில் படலத்தின் தடிமன் 0.3 மைக்ரானிலிருந்து ஆரம்பிக்கிறது. கியர் பற்களுக்கு நடுவே நின்ற அதே அளவு. 650 மில்லியை 0.3 மைக்ரானில் பரப்பினால் இரண்டாயிரம் சதுர மீட்டருக்கு மேல், அதாவது அரை ஏக்கருக்கும் கூடுதல். சிறிய ஊருணி ஒன்றை மூடிவிடும்.

இந்தியாவில் பயன்படுத்திய ஆயில் 2016-ம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. அதைச் சேகரித்து மறுசுத்திகரிப்பு செய்ய முடியும். சங்கிலி அறுந்ததும் மருந்து தீர்ந்ததும் கலவைப் பொருட்களுக்குத்தான், அடிப்படை எண்ணெய் பெருமளவு அப்படியே இருக்கிறது. புது ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி மூடி, கழிவு ஆயிலுக்கு டிரம் வைத்திருக்கும் சர்வீஸ் பட்டறையில் கொடுங்கள். பாகங்களைக் கழுவிய பெட்ரோலையோ தண்ணீரையோ அதில் கலக்காதீர்கள், கலந்தால் பிரிப்பது கஷ்டம்.

ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய நியூஸ்பேப்பரை விரித்து வைத்துவிட்டு, காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். டிரெயின் போல்ட்டுக்கு நேர் கீழே என்றால் வாஷர். கியர் லீவருக்குக் கீழே என்றால் அந்தத் தண்டின் சீல். செயின் ஸ்ப்ராக்கெட்டுக்குக் கீழே என்றால் வெளித்தண்டின் சீல், ஆனால் செயினுக்கு விட்ட ஆயிலும் அங்கேதான் சொட்டும், துடைத்துவிட்டு இன்னொரு ராத்திரி பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.